டாக்டிக்கல் மடக்குக் கத்தி அன்றாட வேலைக்கு ஒத்துவருமா?

கேள்வி: பரிசாக ஒரு டாக்டிக்கல் (ராணுவப் பாணி) மடக்குக் கத்தி கிடைத்தது. கறுப்புப் பூச்சு, டான்டோ முனை (உளிபோல் கோணமாக வெட்டிய முனை), பிடியை ஒட்டிப் பாதி நீளத்துக்கு ரம்பப் பல், பிளேடு நல்ல தடிமன். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, எப்போதாவது பழம் நறுக்க இது ஒன்றே போதும் என்று நினைத்தேன். ஆனால் அட்டை நேராக வெட்டுப்படாமல் கிழிகிறது. ஆப்பிள் பிளந்துபோகிறது. கூர் போதவில்லையா? தீட்டினால் சரியாகுமா, வேறு கத்தி வாங்க வேண்டுமா?

பதில்: கூரைவிடத் தடிமன் மேல்தான் எனக்குச் சந்தேகம். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளை மேல் ஓரத்தில் தொங்கப் பிடித்து, பல் இல்லாத பகுதியால் மேலிருந்து கீழாக இழுத்து வெட்டுங்கள். சிக்காமல், பிசிறில்லாமல் வெட்டினால் கூர் போதுமானது. தாளைச் சுத்தமாக வெட்டும் கத்தி ஆப்பிளைப் பிளக்கிறது என்றால், எவ்வளவு தீட்டினாலும் அது மாறப்போவதில்லை.

ஆப்பிளில் கத்தி இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். முதல் சில மில்லிமீட்டர் சுலபமாக இறங்கும். அதுவரை வேலை செய்வது கூர். அதன் பிறகு பிளேடின் இரண்டு சரிவுகளும் பழத்தை இருபக்கமும் தள்ளத் தொடங்கும். கூர் போய்ச் சேருவதற்கு முன்பே பழம் 'சடக்'கென்று விரிசல் விடும். விறகு பிளக்கும் ஆப்பு செய்கிற வேலை இது. டாக்டிக்கல் கத்திகளின் முதுகு பெரும்பாலும் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். குத்தினாலும் முனை உடையக் கூடாது, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்க வேண்டும் என்று அப்படி வடிவமைக்கிறார்கள். சின்னச் சமையலறைக் கத்தி ஒன்றின் முதுகு இதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். முதுகைவிடவும் முக்கியம், கூரின் சரிவு தொடங்குகிற இடத்தில் பிளேடு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பது. அங்கே அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். அட்டையில் நடப்பதும் இதுதான்: வெட்டின இரண்டு ஓரமும் பிளேடை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், அட்டை திடீரென்று விட்டுக்கொடுக்கும். கை வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். எனக்குக் கவலை தருவது ஆப்பிளைவிட இந்த அழுத்தம்தான்.

ஆனாலும் இந்தக் கத்தியை ஒதுக்கிவிட வேண்டாம். அதற்குப் பொருந்தும் வேலைகளை மட்டும் கொடுங்கள்.

பார்சல் டேப்புக்கு உங்கள் டான்டோ முனை அருமையானது. அதில் நீளமான நேர்க்கூர் ஒன்றும், முனையில் சரிந்து ஏறும் குட்டைக் கூர் ஒன்றும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் மூலையை மட்டும் டேப்பில் பதித்து, கத்தியைப் படுக்கைவாட்டில் பிடித்து இழுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது என்பதால் பெட்டிக்குள் இருக்கும் பொருளில் கீறல் விழாது. மறுகை கத்தி போகும் பாதையில் இருக்கவே கூடாது.

ரம்பப் பல் கயிற்றுக்கானது. நைலான் கயிறு, பட்டை, சீட் பெல்ட் போன்றவற்றில் சாதாரணக் கூர் வழுக்கும் இடத்திலும் பல் இழைகளைக் கவ்விக்கொள்ளும். கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து, முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே நீண்ட இழுப்பில் வெட்டுங்கள். இந்தப் பல்லால் ஓர் இழப்பும் உண்டு. குச்சி சீவுவது போன்ற நுட்பமான வேலைக்குப் பிடியை ஒட்டிய பகுதியில்தான் கைக்கு அதிகக் கட்டுப்பாடு கிடைக்கும். அந்த இடத்தைப் பல் எடுத்துக்கொண்டுவிட்டது. கேபிள் டையை வெட்டக் கத்தியே வேண்டாம், சின்ன வயர் கட்டர் போதும்.

காலி அட்டைப்பெட்டிகளைத் துண்டு போடுவதையும் இந்தக் கத்தியிடம் விடாதீர்கள். மறுசுழற்சி அட்டையில் நுண்ணிய மண், தாதுத் துகள்கள் கலந்திருக்கும். எந்த நல்ல எஃகையும் அது சீக்கிரம் மழுங்கடித்துவிடும். பிளேடு மாற்றக்கூடிய கட்டர் அதற்குப் போதும்.

பழத்துக்கு வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் ஒரு காரணம். மடக்கும் மூட்டுக்குள் எண்ணெயும் பையின் தூசும் இருப்பது இன்னொரு காரணம். சாறு அங்கே இறங்கினால் எளிதில் வெளியே வராது. பிளேடில் டி2 (ஒரு வகை எஃகின் பெயர்) என்று பொறித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், அதில் கணிசமான பங்கு கார்பைடு எனும் கடினத் துகள்களில் அடைபட்டுவிடுவதால் துருவைத் தடுக்கும் சக்தி குறைவு. எலுமிச்சைச் சாறு பட்டு அப்படியே விட்டால் கறை பிடித்துவிடும். கறுப்புப் பூச்சு பிளேடின் பக்கங்களைக் காக்கும். தீட்டிய கூர் மட்டும் பூச்சில்லாமல் வெறும் எஃகாகத்தான் இருக்கும். தவிர்க்க முடியாமல் வெட்டினால் உடனே சோப்பு நீரில் கழுவி, விரித்தபடியே உலரவிட்டு, மூட்டில் ஒரு துளி உணவுத்தர மினரல் ஆயில் விடுங்கள்.

தடித்த பிளேடைப் பார்த்தால் நெம்புவதற்கு ஆசை வரும். செய்யாதீர்கள். பிளேடு தாங்கினாலும் மொத்த பாரத்தையும் தாங்குவது மூட்டில் இருக்கும் சின்ன ஆணிதான். விரித்த பிளேடைப் பூட்டி நிறுத்தும் லாக்கையும் முழுக்க நம்பக் கூடாது. லைனர் லாக் என்றால், பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு மட்டுமே பிளேடை உங்கள் விரல்மேல் மடங்காமல் தடுத்து நிற்கிறது. அவ்வப்போது கத்தியை விரித்து, பிளேடு மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடித்து, முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். லாக் நழுவினால் அந்தக் கத்தியால் எதையும் வெட்டாதீர்கள். மடக்கும்போது லாக்கைத் தள்ளும் கட்டைவிரல் பிளேடின் பாதையில்தான் இருக்கிறது. பிளேடு நகரத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டுத்தான் முழுக்க மடக்க வேண்டும்.

தீட்டுவதற்கு, பக்கத்துக்கு 20 டிகிரி நல்ல கோணம். தாளின் மூலை 90 டிகிரி. இரண்டு ஓரமும் சேரும்படி அந்த மூலையை ஒருமுறை மடித்தால் 45, இன்னொருமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்மேல் வைத்து, அதைவிடச் சற்றுக் குறைவாகக் கத்தியைச் சாய்த்தால் போதும். கூர்ச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுத் தீட்டுங்கள். மை எங்கே அழிகிறது என்று பார்த்தாலே கோணம் சரியா என்று தெரிந்துவிடும். டான்டோவில் இரண்டு கூரையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும். ஒரே இழுப்பில் செய்தால் அந்த மூலை உருண்டுபோகும். பல்லைக் கல்லில் தீட்ட முடியாது. கூம்பிய செராமிக் குச்சியால், சரிவு இருக்கும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குழியாகத் தீட்டி, மறுபக்கம் எழும் பிசிறை லேசாக நீக்குங்கள். மொத்த பிளேடையும் மெலிதாக்கச் சொல்லி மின்சாணையில் கொடுக்காதீர்கள். சூடேறி நிறம் மாறிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும்.

ஆக, அன்றாடத்துக்கு வேறொன்று வாங்குவதே நல்லது. ஏழெட்டு சென்டிமீட்டர் பிளேடு, இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் முதுகு, முதுகிலிருந்தே கூர்வரை மெலிந்துகொண்டே வரும் பக்கங்கள், பல் இல்லாத நேர்க்கூர், இவற்றைப் பாருங்கள். ஒரு கையால் திறப்பது, பையில் மாட்டும் கிளிப் போன்ற வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனம், ஒரு கையால் திறக்க பிளேடில் வட்டத் துளையும், கிளிப்பும் வைத்து வெளியிட்ட முதல் மடக்குக் கத்தியின் பெயரே 'வொர்க்கர்'. இன்னும் எளிமையாகப் போதுமென்றால் ஒபினல் 8-ஆம் எண் கத்தி. எட்டரை சென்டிமீட்டர் மெல்லிய பிளேடு, திருகிப் பூட்டும் வளையம். ஆப்பிளில் அது இறங்குவதைப் பார்த்தால் நான் சொன்ன வித்தியாசம் புரியும்.

எதை வாங்கினாலும் வெளியே எடுத்துச் செல்லும் முன் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில், லாக் இல்லாத, 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஜெர்மனியில், ஒரு கையால் திறந்து லாக் ஆகும் கத்தியைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்ல 2008 முதல் தடை உண்டு. உங்கள் கத்தி ஒரு கையால் திறந்து லாக் ஆகும் வகை என்றால் இந்த இரண்டு விதியிலுமே சிக்கும். விமானப் பயணம் என்றால் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் உறையிட்டு வையுங்கள்.