சாயத்துக்குப் போன துணியும் மோதிக்கொண்ட சலான் எண்ணும்

கேள்வி: அய்யா, இங்கே ஒரு பனியன் கம்பெனியில் எந்தச் சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ துணி போனது, திரும்பியது என்று கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம். அது ஓடும் ஜாவா சட்டகமான ஸ்பிரிங் பூட்டை 2.7-இலிருந்து 3-க்கு மாற்றினோம், ஜாவாவையும் டேட்டாபேஸையும் இணைக்கும் ஹைபர்னேட்டும் கூடவே 6 ஆகிவிட்டது. முதலில் கம்பைல் ஆனது, ஓட்டினால் ‘நாட் எ மேனேஜ்டு டைப்’ என்று நின்றது. வெளி நிரலை உள்ளே அழைக்கும் இம்போர்ட் வரிகளில் ‘ஜாவாக்ஸ்’ என்று இருந்ததையெல்லாம் ‘ஜகார்த்தா’ ஆக்கினேன், அப்புறம் கம்பைலே ஆகவில்லை. ஒருவழியாக ஓட வைத்தால், புது சலான் போடும்போது ‘சலான்_சீக்’ இல்லை என்கிறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கூட இருப்பவர், டேபிள்களை ஹைபர்னேட்டே உருவாக்கலாமா என்று சொல்லும் செட்டிங்கைக் காட்டி, ‘டிடிஎல் ஆட்டோவை அப்டேட்னு வெச்சுருங்க, அதுவே உருவாக்கிக்கும்’ என்கிறார். வைக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மிணி. அதை மட்டும் செய்யாதீர்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் அதைச் செய்துவிட்டு முழித்தவன் நான்.

ராத்திரி மாற்றினேன், பிழை ஒன்றும் வரவில்லை, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காலையில் முதல் இரண்டு லோடுக்குச் சலான் ஏறியது. மூன்றாவதற்கு ‘டூப்ளிகேட் கீ’, அதாவது அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை. திரும்ப அழுத்தினால் ஏறியது, அடுத்தது மறுபடி மோதியது. விட்டு விட்டு வந்ததால் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து, ஒரு மணி நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தோம். கேட்டில் லாரி நிற்கிறது, டிரைவர் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஹைபர்னேட் 5-இல், ஐடி எண் போடச் சொல்லும் ‘ஜெனரேட்டட் வேல்யூ’ குறியை ஆட்டோவில் விட்டால், எல்லா டேபிளுக்கும் ‘ஹைபர்னேட்_சீக்வென்ஸ்’ என்ற ஒரே வரிசையிலிருந்து (டேட்டாபேஸில் அடுத்த எண்ணைத் தரும் எண்ணி) ஒவ்வொன்றாக எண் வரும். 6 அப்படியில்லை. ஒவ்வொரு என்டிட்டிக்கும் (ஒரு டேபிளுக்கு ஈடான ஜாவா கிளாஸ்) அதன் பெயரோடு ‘_சீக்’ சேர்த்துத் தனி வரிசை தேடும், ஒரு தடவைக்கு 50 எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும். அப்டேட் என்று வைத்தால் அந்தப் புது வரிசை 1-இலிருந்து தொடங்கும். உங்கள் சலான் டேபிளிலோ பழைய எண்கள் உட்கார்ந்திருக்கும், அதுவும் பொது வரிசையில் வந்தவை என்பதால் நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஓட்டையில் விழுந்த எண் ஏறும், மற்றது மோதும். ஏறியதும் பழைய சலான்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் என்டிட்டியில் கையாலேயே எழுதிவிடுங்கள். ஐடிக்கு மேலே ‘சீக்வென்ஸ் ஜெனரேட்டர்’ போட்டு, சீக்வென்ஸ் பெயர் பழைய ‘ஹைபர்னேட்_சீக்வென்ஸ்’, ஒரு தடவைக்கு எத்தனை எண் என்று சொல்லும் அலொகேஷன் சைஸ் 1. ‘ஜெனரேட்டட் வேல்யூ’வில் அந்த ஜெனரேட்டரின் பெயரைக் குறிப்பிடுங்கள். அலொகேஷன் சைஸை எழுத மறந்தால் 50 என்று எடுத்துக்கொள்ளும். வரிசை ஒவ்வொன்றாக ஏற, ஹைபர்னேட் 50 என்று கணக்குப் போட, இரண்டும் ஒத்துவரவில்லை என்று தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். பழைய பெயரையே தேடச் சொல்லும் ஒரு செட்டிங்கும் இருக்கிறது. என்டிட்டியில் கண்ணெதிரே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். டிடிஎல் ஆட்டோவை ‘வேலிடேட்’ ஆக்குங்கள், வரிசை இல்லையென்றால் தொடங்கும்போதே கத்தும்.

சரி, ‘ஜாவாக்ஸ்’ ‘ஜகார்த்தா’ ஆன பெயர் விவகாரம். பெரிய நிறுவன மென்பொருளுக்கான ஜாவா தொகுப்பான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக ஆரக்கிள் 2017-இல் அறிவித்தது. கடையைக் கைமாற்றினார்கள், ‘ஜாவா’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் தர மனமில்லை. அதனால் 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயர் மாறிற்று. பெர்சிஸ்டென்ஸ், வேலிடேஷன், சர்வ்லெட் எல்லாம் மாறும். ஆனால் ‘ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல்’, ‘ஜாவாக்ஸ்.கிரிப்டோ’ ஜாவாவோடே வருபவை, அவற்றைத் தொடக்கூடாது. நீங்கள் ஒட்டுமொத்தமாக மாற்றியதில் ‘டேட்டா சோர்ஸ்’ இம்போர்ட்டும் சேர்ந்து போயிருக்கும்.

முதல் நாள் கம்பைல் ஆனதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய பெர்சிஸ்டென்ஸ் ஜார் (லைப்ரரி கோப்பு) உள்ளே எங்கோ இருந்தால்தான் பழைய இம்போர்ட் கம்பைல் ஆகும். ஹைபர்னேட் 6 அந்தப் பழைய ‘என்டிட்டி’ குறியைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் ‘மேனேஜ்டு டைப் இல்லை’ என்றது. லைப்ரரிகளைக் கூட்டிச் சேர்க்கும் மேவனில் ‘டிபென்டென்சி ட்ரீ’ ஓட்டி, அந்த ஜாரை எந்த லைப்ரரி இழுத்து வருகிறது என்று பாருங்கள். அந்த லைப்ரரிக்குப் புது பதிப்பு இருந்தால் மாறுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். எந்த டேட்டாபேஸ் என்று சொல்லும் டயலெக்ட் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழித்துவிடலாம், போஸ்ட்கிரெஸை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எல்லாம் ஆனதும் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் நாலு சலான் போடுங்கள். ஐடி எண் இதுவரை இருந்த கடைசி எண்ணுக்கு மேலே வருகிறதா பாருங்கள். வந்தால் கம்பெனியில் ஏற்றலாம், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. அன்றைக்கு சிஸ்டம் நின்றால் கணக்குப்பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது.