இலவச ஐகான்: எங்கே எடுப்பது, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: துணிக்கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்கிறேன். போன், கார்ட், டெலிவரி வண்டி ஐகான்களை கூகுள் இமேஜஸில் தேடி எடுத்துக்கொள்ளலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: வேண்டாம். கூகுள் தேடிக் காட்டுகிறதே தவிர, அந்தப் படங்களைத் தூக்கித் தர அதற்கு உரிமை இல்லை. லைசென்ஸ் எழுதியிருக்கும் தொகுப்புகளுக்கே நேராகப் போங்கள். டேப்லர், ஃபெதர், பூட்ஸ்ட்ராப் ஐகான்ஸ் மூன்றும் எம்.ஐ.டி. லைசென்ஸ், கூகுளின் மெட்டீரியல் சிம்பல்ஸ் அப்பாச்சி 2.0. கடைத் தளத்திலும் தாராளமாகப் போடலாம். பக்கத்தில் நன்றி அறிவிப்பு தேவையில்லை. லைசென்ஸ் ஃபைலை மட்டும் ஃபோல்டரிலிருந்து அழிக்காதீர்கள். ஃப்ளாட்ஐகான், நௌன் புராஜெக்ட் தளங்களில் காசு கொடுக்காமல் எடுத்தால் வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் லோகோக்களுக்கு சிம்பிள் ஐகான்ஸ் இருக்கிறது. தொகுப்பு இலவசம் என்றாலும் லோகோ அந்தந்த நிறுவனத்தின் டிரேட்மார்க். இஷ்டத்துக்கு மாற்றி வரையக் கூடாது.

மற்றதெல்லாம் ஒரே தொகுப்பிலிருந்து வரட்டும். ஃபெதர் 24க்கு 24 கட்டத்தில் 2 பிக்சல் கோட்டால் வரைந்தது. அதன் பக்கத்தில் வேறிடத்து முழுக்க நிரப்பிய வண்டியை வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: எஸ்விஜி ஐகானுக்கு சிஎஸ்எஸ்ஸில் சிவப்பு கொடுத்தும் கறுப்பாகவே நிற்கிறது. ஏன்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: ஐஎம்ஜி டேகில் சேர்த்திருப்பீர்கள். அப்படிச் சேர்த்தால் பக்கத்தின் சிஎஸ்எஸ் படத்துக்குள் நுழையாது. எஸ்விஜி என்பது எழுத்துக் குறிப்புகளாலேயே எழுதிய படம்தான். ஃபைலை நோட்பேடில் திறந்து, எஸ்விஜி டேக் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை காப்பி செய்து எச்டிஎம்எல்லில் ஒட்டுங்கள். பிறகு ஃபில் (உள்நிறம்), ஸ்ட்ரோக் (கோட்டு நிறம்) என்று இருக்கும் இடங்களில் கறுப்புக்கான நிறக் குறியீடு இருந்தால், அதை எடுத்துவிட்டு ‘கரன்ட்கலர்’ (currentColor) என்ற மதிப்பைக் கொடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ‘கலர்’ (color) என்று கொடுத்த நிறத்தை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். ‘ஃபில்’ மதிப்பு ‘நன்’ (none, நிறம் வேண்டாம்) என்றிருந்தால் மட்டும் தொடாதீர்கள். தொட்டால் கோட்டு ஐகான் மை கொட்டியதுபோல் அடைந்துவிடும்.

படம் வரைந்த கட்டத்தின் அளவைச் சொல்லும் ‘வியூபாக்ஸ்’ (viewBox) பகுதியையும் நீக்கக் கூடாது. அது போனால், அளவைக் குறைக்கும்போது படம் சுருங்காமல் வெட்டுப்படும். எழுத்தில்லாமல் ஐகான் மட்டும் உள்ள பட்டனுக்கு ‘ஏரியா-லேபிள்’ (aria-label) என்று போட்டு அதன் பெயரைக் கொடுங்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது அதைத்தான்.

கேள்வி: வேர்ட்பிரஸ் எஸ்விஜியை அப்லோட் செய்ய விடவில்லையே?
– மதுரை வாசகர்

பதில்: எஸ்விஜிக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஒளித்துவைக்க முடியும், அந்தப் பயம்தான். அட்மின் லாகினில் ‘கஸ்டம் எச்டிஎம்எல்’ பிளாக்கைத் திறந்து, முன்பு சொன்னதுபோல் காப்பி செய்த எஸ்விஜி குறிப்புகளை ஒட்டினால் அப்லோடே தேவையில்லை. ஒட்டுமுன் ‘ஸ்கிரிப்ட்’ என்ற டேக் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.