பழைய ஆர்எக்ஸ் 100-க்கு கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸே போதுமா, கோன் ஃபில்டர் போடலாமா?

கேட்டவர் சொன்னது இது: அப்பா ஓட்டிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. ஏர் ஃபில்டர் பாக்ஸ் விரிசல் விட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் ஸ்பான்ஜ் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. மெக்கானிக், "பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு கோன் ஃபில்டர் மாட்டிடலாம், பிக்கப் கூடும்" என்கிறார். கோன் ஃபில்டர் என்பது பாக்ஸ் இல்லாமல் கார்புரேட்டர் வாயிலேயே திறந்தபடி மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர். குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூர் போய் வர வேண்டும்.

பாக்ஸையே தேடி வாங்கிப் போடுங்கள். கோன் வேண்டாம்.

எனக்குக் காட்பாடி. என்னிடம் இருப்பதும் ஆர்எக்ஸ் 100 தான், 1995 மாடல். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே யோசனையைக் கேட்டு நானும் கோன் ஃபில்டர் மாட்டினேன். மாட்டிய அன்று வண்டி சிட்டாய்ப் பறப்பது போலத்தான் இருந்தது. காற்றை உறிஞ்சும் சத்தம் தொடைக்குப் பக்கத்திலேயே உறுமும். அந்தச் சத்தமே வேகம் கூடிய மாதிரி தோன்ற வைக்கும். இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது முன்பிருந்த இழுவை இல்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

ஒரு டிசம்பர் காலை நண்பனை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குக் கிளம்பினேன். நல்ல குளிர். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடியே வந்தேன். மாதனூர் நெருங்கும்போது வண்டி திடீரென்று சோர்ந்தது, உடனே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இருவரும் விழாமல் தப்பித்தோம். பின்னால் லாரி எதுவும் ஒட்டி வரவில்லை. அதை இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

ஆம்பூரில், ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலேயே காலம் கழித்த ஒரு பாய் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினார். ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, பிஸ்டனின் பக்கவாட்டில் நீள நீளமாகக் கோடுகள். "காத்து போற வழிய பெருசு பண்ணிட்ட தம்பி. பெட்ரோல் வர்ற ஜெட்டு அதேதானே கீது?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான மெயின் ஜெட், பைலட் ஜெட், பெட்ரோல் அளவை மாற்றும் ஊசி எல்லாமே அந்தப் பாக்ஸும் அந்த ஸ்பான்ஜும் காற்றை எவ்வளவு தடுக்குமோ, அதற்கு ஏற்றபடி கம்பெனி தேர்ந்தெடுத்த அளவுகள். தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடாது. மெக்கானிக்குகள் இதை லீன் என்பார்கள். லீனாக ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம்தான் அதிகம் விரியும். இடைவெளி தீர்ந்ததும் பிஸ்டன் கவ்விக்கொள்கிறது. ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப் இருப்பதால் ஆயிலாவது அளவாக வந்துகொண்டிருக்கும். பழைய ராஜ்தூத் போல பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகளில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறையும். அது இன்னும் மோசம்.

குளிரைச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் கத்திரி வெயிலில் மதியம் 42 டிகிரி, மார்கழி விடியற்காலையில் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் கூடுகிறது. மே மாத மதியத்தில் சரியாக ஓடிய கோன் ஃபில்டர் வண்டி டிசம்பர் காலையில் லீன் ஆகிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

சரி, ஜெட்டையும் மாற்றிவிட்டால் கோன் போடலாமா என்றால், தூசி என்று ஒன்று இருக்கிறது. பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். கோடையில் அந்த மணல் காற்றோடு வருகிறது, மணல் லாரிக்குப் பின்னாலும் ஜல்லி லாரிக்குப் பின்னாலும் வண்டி ஓட்டுகிறோம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினம். ஆயிலோடு சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரியே வேலை செய்யும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது நேரே சிலிண்டருக்குப் போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பிறகுதான் மேலே ஏறுகிறது. அதனால் தூசி முதலில் கடிப்பது கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராடின் அடிமுனையையும். தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து (போர் செய்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது ஒரு நாள் வேலை. கிராங்க்கைப் பிரித்து பேரிங் மாற்றிச் சரியாகச் சேர்ப்பதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் நம் பக்கம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்புறம் மழை. ஐப்பசியில் ரோட்டில் தெறிக்கும் தண்ணீர் திறந்திருக்கும் கோனில் நேராகப் படும். சீட்டுக்கு அடியில் இருக்கும் பாக்ஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, இன்ஜின் சூட்டுக் காற்றையும் அது உறிஞ்சாது.

இனி ஸ்பான்ஜ் பற்றி. பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஸ்பான்ஜில் இருக்கும் துளைகள் தூசியைவிடப் பெரியவை. தூசியைப் பிடிப்பது ஸ்பான்ஜில் ஊறியிருக்கும் ஆயில். ஆயில் இல்லாமல் காய்ந்த ஸ்பான்ஜ் போட்டு ஓட்டுவது ஏறக்குறைய ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவதுதான். புது ஸ்பான்ஜ் பாக்கெட்டிலிருந்து வரும்போது காய்ந்துதான் வரும். கடைக்காரர் அப்படியே மாட்டிக் கொடுத்தால் கழற்றச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். துணி மாதிரி முறுக்கிப் பிழியக் கூடாது, கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு இன்ஜின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் பரவும்படி அழுத்துங்கள், அதிகப்படியானதைப் பிழிந்துவிடுங்கள். சொட்டக் கூடாது, வறண்டும் இருக்கக் கூடாது. ஓரம் உட்காரும் இடத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். நான் மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், கோடையில் மாதம் ஒரு முறையும் செய்கிறேன். மெத்தைக் கடை ஸ்பான்ஜை வெட்டிப் போடும் பழக்கமும் இங்கே உண்டு. அது பெட்ரோல் ஆவியில் நைந்து, துணுக்குத் துணுக்காகக் கார்புரேட்டருக்குள் போகும். உங்கள் வண்டியில் உதிர்ந்த பொடியும் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே புது ஸ்பான்ஜ் போடுங்கள்.

முப்பது வருட வண்டி என்பதால் ரப்பரையும் பாருங்கள். பாக்ஸுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் கல் மாதிரி இறுகி, மடிப்பில் வெடித்திருக்கும். ஸ்பான்ஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூசி அந்த வெடிப்பு வழியாக நுழையும். ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ஓட்டை இருக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஜாயிண்ட் வேறு. அது வெடித்தால் ஃபில்டர் சரியாக இருந்தும் வண்டி லீன் ஆகும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காது.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்னும் ரேஸ் சைலன்சர், சிலிண்டரின் காற்றுத் துளைகளை மாற்றிச் செதுக்கும் போர்ட்டிங் என்று முழு வேலையும் செய்து ரேஸுக்குத் தயார் செய்பவர்களுக்கு திறந்த ஃபில்டரில் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு அளவாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள், சின்னதிலிருந்து மேலே போக மாட்டார்கள். ஊசியின் கிளிப்பை ஒரு கோடு கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிஸ்கட் நிறம் வர வேண்டும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு இவ்வளவும் தேவையில்லை. பாக்ஸில் ஓட்டை போட்டுக் காற்றைக் கூட்டுவதும் இதே வம்புதான், செய்யாதீர்கள்.

பாக்ஸில் இருப்பது மயிரிழை விரிசல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, எம்சீல் வைத்து அடைத்தாலே போதும். வாய்ப்பகுதி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். வேலூரில் உள்ள உதிரி பாகக் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காட்பாடியில் காலை ரயில் ஏறி சென்னை புதுப்பேட்டைக்குப் போய் வாருங்கள். பழைய வண்டிகளில் கழற்றிய பாகங்கள் அங்கே கிடைக்கும். உங்கள் உடைந்த பாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆர்எக்ஸ் 100 என்று சொல்லி வேறு மாடல் பாக்ஸைக் கொடுத்துவிடுவார்கள், மூடி உட்காரும் விளிம்பையும் ஹோஸ் மாட்டும் வாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.