சோவியத் சர்வாதிகாரி ஜோசப் ஸ்டாலினின் கொடூரத்துக்குச் சிறுவயதில் வாங்கிய அடிதான் காரணமா?

குழந்தையால் தாங்கவும் முடியாத, தப்பிக்கவும் முடியாத அடியும் பயமும் விட்டுச்செல்லும் பாதிப்புதான் சிறுவயது மனக்காயம்.

ஸ்டாலின் 1878-ல் ஜார்ஜியாவின் கோரி ஊரில் பிறந்தார். முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டன. செருப்புத் தைக்கும் அப்பா குடித்துவிட்டு வந்து அவரையும் அம்மாவையும் அடிப்பார். அம்மாவும் அடித்திருக்கிறார். முகத்தில் அம்மைத் தழும்பு, இடது கை ஊனம்.

அடி எப்போது விழும் என்று தெரியாத வீட்டில் வளரும் பிள்ளை எல்லாரையும் சந்தேகத்தோடே பார்க்கப் பழகும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. ஆனால் அதிகாரம் கையில் இருப்பவர் ஒதுங்கிப் போவதில்லை, அடுப்பையே இடித்துவிடுவார். ஸ்டாலின் ஆட்சியில் 1937-38-ல் மட்டும் சுமார் 6.8 லட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1952-ல் தனக்கு வைத்தியம் பார்த்த வினோகிராதோவையே சிறையில் தள்ளினார்.

ஆனாலும் கோரியில் அடி வாங்கி வளர்ந்த பையன்கள் எத்தனையோ பேர். தட்டிக்கேட்க ஆளில்லாத கட்சியும் ரகசிய போலீசும் இவர் கையில்தான் சிக்கின. என் பார்வையில் அதுதான் பெரிய காரணம்.

'கொடுங்கோலன் என்றாலே மனநோயாளி' என்பது தவறு: ஸ்டாலினுக்கு மனநோய் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை, மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை.