ஹார்ட்வெயார் நுழைவுப் பரீட்சைக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஓ.எல். முடித்துவிட்டேன். கணிதம் சி, விஞ்ஞானம் எஸ். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். இலத்திரனியல், கணினி வன்பொருள் பாடநெறிக்கு நுழைவுப் பரீட்சை வைப்பார்களாம். எந்தப் புத்தகம் வாங்கிப் படிப்பது?

தம்பி, புத்தகம் ஒன்றும் வாங்க வேண்டாம். பத்தாம், பதினோராம் தர விஞ்ஞானப் புத்தகங்களும் கணிதப் புத்தகமும் போதும். பழையதை யாருக்காவது கொடுத்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக இருக்கிறது. டவுனில் விற்கிற தடித்த ஆங்கில கைட் எல்லாம் பாடநெறிக்குள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். பழக வருகிற பிள்ளைகளுக்கு மதர்போர்ட்டில் எது எங்கே என்று அத்துப்படி. கணக்கில்தான் சறுக்குவார்கள், அதுவும் அலகில். ஒரு உதாரணம்: 12 வோல்ட் பெட்டரியில் ஒரு எல்.ஈ.டி. எரிய வேண்டும். அதற்கு 2 வோல்ட், 20 மில்லி அம்பியர் தேவை. தொடராக எத்தனை ஓம் தடையி (ரெசிஸ்டர்) போடுவது? பாதிப் பேர் 12ஐ அப்படியே 20ஆல் வகுப்பார்கள். எல்.ஈ.டி. எடுக்கிற 2 வோல்ட்டைக் கழித்தால் மிச்சம் 10. 20 மில்லி அம்பியர் என்பது 0.02 அம்பியர். 10ஐ 0.02ஆல் வகுத்தால் 500 ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 470, 560 ஓம்தான். ஓட்டம் கூடாமலிருக்க 560ஐ எடுக்க வேண்டும். அதன் மதிப்பைச் சொல்லும் நிற வளையங்கள் பச்சை, நீலம், கபிலம். வலுவைப் பாருங்கள்: 10 தர 0.02, அதாவது 0.2 வாட். ஆகவே கால் வாட் தடையி தாங்கும். இந்த ஒரே கணக்கில் ஓமின் விதி, வலு, நிறக்குறி மூன்றும் வந்துவிட்டன. எண்களை மாற்றி மாற்றி நீங்களே இப்படிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

அடுத்தது சீராக்கம், அதாவது ஏ.சீ.யை டீ.சீ. ஆக்குவது. நாலு இருவாயி (டயோட்) போட்ட பாலச் சுற்றைப் பார்க்காமல் வரையத் தெரிய வேண்டும். 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பின்னால் பாலமும் கொள்ளளவியும் (கெப்பாசிட்டர்) போட்டு மீட்டர் வைத்தால், சுமை இல்லாதபோது 15 வோல்ட்டுக்கு மேலே காட்டும். மீட்டர் பழுதில்லை. 12ஐ 1.414ஆல் பெருக்கினால் உச்சம் ஏறக்குறைய 17; ஒரு நேரத்தில் இரண்டு சிலிக்கன் இருவாயிகள் வழியாக ஓட்டம் போவதால் 1.4 குறையும். ட்ரான்ஸ்ஃபோமரில் சுற்றுகளின் விகிதமும் கேட்பார்கள்: 230 வோல்ட் பக்கம் 1150 சுற்று என்றால் 12 வோல்ட் பக்கம் 60. லக்‌ஷபானவில் பிறக்கிற கரண்டை ஏன் அழுத்தத்தைக் கூட்டித் தூரத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதும் இந்தப் பாடம்தான். ஓட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு காலாகிவிடும்.

தருக்கப் படலைகள் (லொஜிக் கேட்), 0, 1 மட்டும் உள்ள இரும எண் இரண்டும் லேசாக மார்க்ஸ் வாங்கித் தரும். 1101 என்றால் 13 என்று யோசிக்காமல் சொல்ல வந்தால் போதும். எண் தொடர், படக் கேள்விகளுக்குப் பழைய புலமைப்பரிசில் தாள்களே பரவாயில்லை.

வன்பொருளுக்குக் கட்டாயம் கை வைத்துப் பழக வேண்டும். கடைகளில் ஓடாத டெஸ்க்டொப் மூலையில் கிடக்கும், கேட்டால் சிலர் சும்மாவே தருவார்கள். டி.டி.ஆர். 3, 4 ரேம்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 240 பின், மற்றதற்கு 288, வெட்டும் வேறு இடத்தில். நம் பக்கத்து மூடுபனி ஈரத்தில் ரேமின் தொடுமுனைகள் மங்கி, மெஷின் பீப் அடித்துக்கொண்டே நிற்கும். கழற்றி அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டால் பல நேரம் எழும்பிவிடும். நேர்முகத்தில் கேட்கத் தோதான கேள்வி இது.

பவர் சப்ளையை போர்ட்டிலிருந்து கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பையும் சேர்த்தால் விசிறி சுற்றும். மீட்டரை 20 வோல்ட் டீ.சீ.யில் வைத்து அளந்தால் மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3. மஞ்சளில் 11.4க்குக் கீழே போனால் அந்த சப்ளை சரியில்லை. ஆனால் பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேலே இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பரீட்சையும் நேர்முகமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: தமிழ் மூலம் வகுப்பு நடக்கிறதா, முடித்தால் என்.வி.க்யூ. என்கிற தேசிய தொழிற் தகைமையில் எத்தனையாம் மட்டம். 4 சான்றிதழ், 5 டிப்ளோமா. மேலே படிக்க நினைத்தால் இது முக்கியம்.

இன்னொன்று, படிக்கத் தொடங்குமுன்னே செய்ய வேண்டியது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் தோட்டங்களில் அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருப்பது சகஜம். வித்தியாசம் இருந்தால் இந்தக் கிழமையே கிராம சேவகரைப் பார்த்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். திருத்தம் வர நாளெடுக்கும், விண்ணப்ப முடிவுத் திகதி அதற்காகக் காத்திருக்காது.