கேள்வி–பதில்: வீடற்றோர் மானியமும் திரும்பி வரும் பில்லும்

கேள்வி: அமெரிக்காவில் சிறிய தொண்டு அமைப்பு நடத்துகிறோம். கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) மூலமாக ஈ.எஸ்.ஜி. (Emergency Solutions Grants) என்ற, வீடற்றோருக்கு உதவும் மத்திய அரசு மானியம் கிடைத்தது. காரிலேயே தங்கியிருந்த ஒரு குடும்பத்துக்கு வாடகை வீடு பிடித்தோம். வாடகை 1,180 டாலர், அந்தப் பகுதிக்கு மத்திய அரசு அறிவித்த நியாய சந்தை வாடகை 1,250. வரம்புக்குள்தானே இருக்கிறது? கவுண்டிக்கு அனுப்பிய பில் ஏன் திரும்பி வந்தது?

பதில்: பயன்பாட்டுப் படியை விட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கட்டணங்களைக் குடியிருப்பவரே கட்டுவதானால், அவற்றுக்கென்று உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் நிர்ணயித்த படியை வாடகையோடு கூட்ட வேண்டும். குடியேறுவதற்குக் கட்டாயமாகக் கேட்கும் கட்டணங்களும் சேரும். தாமதக் கட்டணமும் செல்லப்பிராணி டெபாசிட்டும் சேராது. உங்கள் வீட்டுக்குப் படி 95 டாலர் என்று வையுங்கள்: மொத்தம் 1,275. 25 டாலர் அதிகம்.

"அந்த 25-ஐக் குடும்பமே கட்டிக்கொள்ளட்டும்" என்பது நடக்காது. வரம்பைத் தாண்டினால் அந்த வீட்டுக்கே வாடகை உதவி கிடையாது. உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே வாடகையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும். வரம்புக்குள் வந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: அக்கம்பக்கத்தில் அதே அளவு, அதே வசதியுள்ள, உதவி பெறாத வீடுகள் 1,050-க்குப் போகும்போது நீங்கள் 1,150 கொடுக்க முடியாது. ஒப்பிட்ட வீடுகளின் விவரம் கோப்பில் இருக்கட்டும். அட்வான்ஸ், மின் இணைப்பு டெபாசிட், சாமான் ஏற்றும் செலவு ஆகியவற்றை மட்டும் கொடுப்பதானால் இந்த வாடகை வரம்பு குறுக்கே வராது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் முழுக் குடும்பத்தையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: எத்தனை மாத வாடகை கொடுக்கலாம்?

பதில்: எந்த 3 ஆண்டுக் காலத்திலும் மொத்தம் 24 மாதம். பழைய பாக்கி ஒரே ஒரு தடவை, 6 மாதம் வரை. அதுவும் இந்த 24-க்குள் அடக்கம். கடைசி மாத வாடகையை முன்கூட்டிக் கொடுத்தால் அதையும் எண்ண வேண்டும். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை வரை போகலாம், அது இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவருக்கு இந்த மானியத்தில் வீடு பிடித்துத் தரலாமா?

பதில்: வீடற்றவரைச் சீக்கிரம் வாடகை வீட்டில் அமர்த்தும் விரைவு மறுகுடியமர்த்தல் பிரிவில் பொதுவாக முடியாது. அது தெரு, கார், தற்காலிகக் காப்பகம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கானது. ஒண்டியிருப்பவரை வீடிழப்புத் தடுப்புப் பிரிவில் பாருங்கள். அங்கே குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை (median) வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனையும் உண்டு. மறுகுடியமர்த்தலில் சேரும்போது வருமான வரம்பு இல்லை. ஆண்டு மறுபரிசீலனையில் அதே 30 சதவீதம் வந்து நிற்கும்.

வீடற்ற நிலைக்கான ஆதாரத்துக்கு முதலில் மூன்றாம் நபரின் கடிதம் அல்லது காப்பகப் பதிவு. கிடைக்காவிட்டால் உங்கள் ஊழியர் நேரில் கண்டதை எழுதிக் கையெழுத்திடலாம். பயனாளியின் சுய உறுதிமொழி கடைசியாகத்தான். கடிதம் வாங்க யாரை, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாத உறுதிமொழி தணிக்கையில் நிற்பது கடினம்.

கேள்வி: காசோலை தாமதமானதால் உரிமையாளர் அபராதம் கேட்கிறார். மானியத்தில் எழுதலாமா?

பதில்: கூடாது. உங்கள் தாமதத்துக்கான அபராதம் மானியமல்லாத உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். பல கவுண்டிகள் செலவு செய்த பிறகே திருப்பித் தருகின்றன, அதனால் இரண்டு மூன்று மாத வாடகைக்கான கைப்பணம் இல்லாமல் இறங்காதீர்கள். குறையில்லாத பில் போய்ச் சேர்ந்தால் 30 நாளுக்குள் கவுண்டி பணம் தர வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு ஓடத் தொடங்காது.

காசோலைக்கு முன் முடிய வேண்டியவை: குடியிருப்புத் தரச் சோதனை, பயனாளியும் உரிமையாளரும் போட்ட எழுத்து ஒப்பந்தம், உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையே தனி வாடகை உதவி ஒப்பந்தம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தை குடியேறினால் ஈயப் பெயிண்ட் சோதனையும் வேண்டும். சோதனைத் தேதி காசோலைத் தேதிக்குப் பிந்தியிருந்தால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம்.