டானிக்கில் தீராத சோர்வு

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். வயது 38. என் பொறுப்பில் 22 பேர் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் 12 ஆண்டு அனுபவமுள்ள மூத்த ஆபரேட்டர் ஒருவர் சில மாதங்களாக யாரிடமும் பேசுவதில்லை. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறார். சென்ற வாரம் அவருடைய லாக் புக்கில் நான்கு மணி நேரத்துக்கும் ஒரே வெப்பநிலை எழுதப்பட்டிருந்தது. வேறு இருவரும் அதே நிலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. யோகா வகுப்பு வைக்கலாமா? சத்து டானிக் ஏதேனும் சொல்வீர்களா?

பதில்: அந்த லாக் புக்கைப் பார்த்தவுடன் மெமோ கொடுக்காமல், புதுச்சேரியில் இருக்கும் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். எழுந்து போய் மீட்டரைப் பார்க்காமலேயே அவர் எழுதியிருக்கக்கூடும். ஆனால் 12 ஆண்டுகள் ஒழுங்காகப் பார்த்தவர் இப்போது ஏன் எழவில்லை என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

நீங்கள் விவரிக்கும் நிலையைப் பணிச் சோர்வு என்கிறோம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாட்டில் இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. பணியிடத்தில் நாட்பட்ட மன அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் போவதால் ஏற்படும் நிலை என்றே அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மீது ஒட்டுதல் இல்லாமல் போய் வெறுப்பு வருவது, தன்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் இதன் கூறுகள். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியில் இருந்துவிட்டு, விடியற்காலையில் வந்த நோயாளியை எதிரியைப் போல் பார்த்தவன் நான். ஆகவே எரிந்து விழுவதை மட்டும் வைத்து அவருடைய குணம் மாறிவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம்.

காரணம் வேலையின் அமைப்பில் இருப்பதால் வைத்தியமும் ஷிப்ட் பட்டியலில் இருந்தே தொடங்க வேண்டும். கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுத்து, அடுத்த ஷிப்ட்டுக்கு மாற்ற வேண்டிய ரிலீவர் வராத காரணத்தால் அவர் எத்தனை முறை டபுள் ஷிப்ட் பார்த்தார் என்று எண்ணுங்கள். காலை 6 மணி ஏ ஷிப்ட்டுக்காக நாலரைக்கு எழுந்தவர் பி ஷிப்ட்டையும் முடித்துவிட்டு இரவு 10 மணிக்கு இரு சக்கர வாகனத்தை எடுக்கும்போது, அவர் விழித்து பதினேழரை மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03 தான்.

அடுத்து, ஷிப்ட் எந்தத் திசையில் சுழல்கிறது என்று பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரையிலான சி-யிலிருந்து பி-க்கும், பி-யிலிருந்து ஏ-வுக்கும் பின்னோக்கி மாற்றினால் இடையில் எட்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் பேருந்து, குளியல், சாப்பாடு எல்லாம் போக நான்கைந்து மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் பெரிது. ஏ, பி, சி என்று முன்னோக்கி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் கிடைக்கிறது, உடலும் அதற்கு எளிதாகப் பழகுகிறது. இதற்கு நிர்வாகத்திடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க வேண்டியதில்லை.

பிறகு அவரிடம் பேசுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், கேபினுக்கு அழைத்து எதிரில் உட்காரவைத்தும் வேண்டாம்; ஷிப்ட் தொடங்கும் முன் கேன்டீன் ஓரத்தில் டீ குடித்தபடி பேசலாம். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால், "ஒண்ணுமில்ல சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அண்ணே, மூணு மாசத்துல இத்தனை டபுள் பாத்திருக்கீங்க, அதை நான் கவனிக்காம விட்டுட்டேன். எதை மாத்துனா உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றையாவது மாற்றிக் காட்ட வேண்டும். இல்லையெனில் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அக்கறை காட்டுவதாக நினைத்து ஓ.டி.யை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அந்த இரட்டிப்புச் சம்பளத்தை நம்பிப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, 2024 டிசம்பர் வெள்ளத்தில் சேதமான வீட்டுக்கு வாங்கிய கடனோ ஓடிக்கொண்டிருக்கலாம். எத்தனை ஓ.டி., எந்த நாட்களில் என்பதை அவரே சொல்லட்டும். தன் வேலை நேரத்தில் தனக்கும் ஒரு பிடி இருக்கிறது என்ற எண்ணமே சோர்வைக் குறைக்கும்.

யோகா நல்லதுதான். ஆனால் சி ஷிப்ட் முடித்து வந்தவரைக் காலை 7 மணி வகுப்பில் உட்காரவைப்பது கொடுமை.

எல்லாச் சோர்வையும் பணிச் சோர்வு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். பகலில் தூக்கம் வர வேண்டும் என்பதற்காகக் குவார்ட்டர் அடிக்கும் பழக்கமும் எங்கள் பக்கத்தில் அதிகம். அது தூங்கவைப்பதுபோல் தொடங்கி, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிடும். எனவே சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பு கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம், அதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும் அவர் அதே நிலையில் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைந்திருந்தால், அல்லது "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற தொனியில் பேசினால் காத்திருக்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மர் மனநலத் துறைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

டானிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் காரணத்தைக் கண்டறிந்து இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவோம். சரியாக இருந்தால் டானிக் தேவையில்லை. அந்தப் பணத்தில் டபுள் ஷிப்ட் பார்ப்பவருக்கு இரவு 10 மணிக்கு வீடு வரை வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.